நீக்கப்பட்ட விதியை வைத்துப் பிள்ளைகளை அளக்காதீர்கள்

ஆட்டிசம் என்று சொல்லிவிட்ட பிள்ளைக்கு ஏடிஎச்டியும் இருக்கிறது என்று சொல்வது மருத்துவம் இல்லை, வியாபாரம். சென்ற இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இதுதான். எழுதியவர் நெடுங்காலம் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவர். அந்தக் கட்டுரை ஆபத்தானது என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செய்தி என்றால் பெற்றோர் ஒதுக்கிவிடுவார்கள். டாக்டரே எழுதிவிட்டார் என்றால் வீட்டில் மாமியார் முதல் பள்ளியில் ஹெச்.எம். வரை அதைக் காட்டித்தான் பேசுவார்கள். பேசிக்கொண்டும் இருக்கிறார்கள்.

அவர் சொல்வதைத் திரிக்காமல் முதலில் வைக்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஓடுகிறது, உட்காரவில்லை, கவனிக்கவில்லை என்றால் அதெல்லாம் ஆட்டிசத்தில் அடக்கம். தனியாக இன்னொரு பெயர் வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடாது என்று பாடநூலே சொல்கிறது. பெற்றோர் சலுகைக்காகவும் தெரபி சென்டர்கள் காசுக்காகவும் இரண்டாவது பெயரைத் தேடுகின்றன. இரண்டாவது பெயர் வந்தால் பின்னாலேயே மாத்திரை வரும். செல்போனைப் பிடுங்கிவைத்து, ஏழெட்டு வயது வரை பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். இவ்வளவுதான் அவர் வாதம். இதில் ஒன்றுகூட நிற்காது. சில தவறுகள் பழைய படிப்பிலிருந்து வந்தவை. மற்றவை பெற்றோர் மீதுள்ள அவநம்பிக்கையிலிருந்து வந்தவை. அவற்றை மன்னிப்பது கடினம்.

பாடநூலிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேட்டுக்கு 1994இல் நான்காம் பதிப்பு வந்தது, டிஎஸ்எம்-4. ஆட்டிசம் வகைக் குறைபாட்டின் போக்கில் தென்படும் கவனக்குறைவுக்கும் அமைதியின்மைக்கும் ஏடிஎச்டி என்று தனிப்பெயர் கொடுக்கக்கூடாது என்ற விலக்கு அதில் இருந்தது உண்மை. மருத்துவர் படித்ததும் கற்பித்ததும் அதுவாக இருக்கலாம். 2013 மே மாதம் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் ஒரே பிள்ளைக்குச் சொல்ல அதுவும் இடம் தருகிறது. நீக்கிப் பத்தாண்டுக்கு மேலான ஒரு விதியை, இன்னும் உயிரோடு இருப்பதுபோல் லட்சக்கணக்கான பெற்றோர் படிக்கும் இதழில் எழுதியிருக்கிறார். எழுதுவதற்கு முன் புதிய பதிப்பை ஒருமுறை புரட்டியிருந்தால் அந்தக் கட்டுரையே பிறந்திருக்காது.

அந்த விதியை ஏன் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். அது சோதித்துக் கண்ட முடிவாக ஒருபோதும் இருந்ததில்லை. ஒன்று பெரியது, மற்றது அதற்குள் அடங்கிவிடும் என்ற அனுமானம்தான். விதி இருந்ததால், ஏடிஎச்டி ஆய்வுகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. சேர்க்காததால் போதிய தரவு வரவில்லை. தரவு இல்லாததால் விதி நீடித்தது. விதியை மீறிக் கணக்கெடுத்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் இரண்டும் ஒன்றாகத் தென்பட்டுக்கொண்டே இருந்தன. வெவ்வேறு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த பகுப்பாய்வின்படி ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு ஏடிஎச்டியும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு பிரஷரும் இருக்கிறது என்று சொன்னால் யாரும் டாக்டரைச் சந்தேகிப்பதில்லை. பிள்ளையின் மூளை விஷயத்தில் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது எந்த நியாயம்?

அதே 28 சதவீதம் இன்னொன்றையும் சொல்கிறது. மீதிப் பேருக்கு ஏடிஎச்டி இல்லை. ஆட்டிசம் உள்ள எத்தனையோ பிள்ளைகள் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை அடுக்குகிறவர்கள். ஓட்டமும் கவனச்சிதறலும் ஆட்டிசத்திலேயே அடக்கம் என்றால் அவர்கள் ஏன் ஓடவில்லை? கட்டுரையின் மையவாதம் இந்த ஒரு கேள்வியில் விழுந்துவிடுகிறது. இதற்கு அவரிடம் ஒரு வரிகூட இல்லை.

இதெல்லாம் மேலைநாட்டுப் பழக்கம் என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். ஹரியாணாவின் பல்வல், இமாச்சலத்தின் காங்ரா, ஒடிசாவின் டேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான ஏறத்தாழ 4,000 பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு 2018இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியானது. ஆட்டிசம், ஏடிஎச்டியோடு வலிப்பு, செவித்திறன் குறைவு, அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று பலவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். குறைபாடு கண்டறியப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்டது இருந்தது. காங்ராவின் மலைக்கிராமமும் டேன்கனாலும் அமெரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை இல்லை.

இனி அவர் பார்க்க மறுக்கும் பிள்ளையைக் காட்டுகிறேன். வகுப்பறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு இருக்கும் சிறப்பாசிரியர் நான். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். நீல மூடி போட்ட டப்பாவில்தான் தயிர்சாதம் வர வேண்டும். ஊறுகாய் சாதத்தைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. இது அவன் விதி, அவனைத் தவிர யாராலும் மாற்ற முடியாது. அந்த நீல டப்பாவை வேன் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குகிறவனும் அவனேதான். சாப்பாட்டு மணி அடித்ததும் பையைத் திறப்பான், டப்பா இருக்காது. சத்துணவுத் தட்டை நீட்டினால் கையால் தட்டிவிட்டு, மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு தலையைத் தரையில் முட்டுவான். ஒரே ஆள் ஒன்று மாறாமல் இருந்தே தீர வேண்டும் என்கிறான்; அதை மாறாமல் வைத்துக்கொள்ளத் தேவையான ஞாபகமும் ஒழுங்கும் அவனிடம் இல்லை. ஆட்டிசம் ஒருபக்கம் இழுக்கிறது, ஏடிஎச்டி மறுபக்கம் இழுக்கிறது. நடுவில் நிற்பது ஏழு வயதுப் பிள்ளை.

ஆட்டிசம் ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்து, இறங்கும்போது என்னென்ன எடுக்க வேண்டும் என்று அவனுக்குப் பட அட்டை போட்டுக் கொடுத்தார்கள். நல்ல முறைதான், எத்தனையோ பிள்ளைகளுக்குப் பலிக்கிறது. இவனுக்குப் பலிக்கவில்லை. அட்டை பைக்குள் இருந்தது. அட்டையைப் பார்க்க வேண்டும் என்பதே இவனுக்கு ஞாபகம் இருக்காது. அப்பாவுக்கோ இவனிடம் தெரிந்தது பொறுப்பில்லாத்தனம் மட்டும். அதற்கு அடி விழுந்தது. இரண்டும் இருக்கிறது என்று எழுத்தில் வந்த பிறகுதான் வழி மாறியது. அட்டை வேன் கதவின் உட்புறத்தில், அவன் கண் மட்டத்தில் ஒட்டப்பட்டது. இறங்கும்போது ஆயாம்மா அதைத் தொட்டுக் காட்டுவார். அதே மாதிரி இன்னொரு நீல டப்பா பள்ளி அலமாரியில் இருக்கும். சாப்பாட்டு நேரத்து முட்டல் குறைந்துபோனது. இரண்டாவது பெயரால் என்ன லாபம் என்று மருத்துவர் கேட்கிறார். அந்தப் பையனின் நெற்றியில் வீக்கம் இல்லாததுதான் லாபம்.

ஒரே மாதிரித் தெரியும் நடத்தைக்கு இரண்டு வேர் இருக்கலாம் என்பதைக் கட்டுரை முழுக்க அவர் எங்கும் கருதிப் பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள் இருவர். ஒருவன் காகத்தைப் பார்த்து, அதிலிருந்து ஜன்னலைப் பார்த்து, அதிலிருந்து வெளியே போகும் லாரியிடம் போய்விட்டான். இன்னொருவன் பஸ் நம்பர்களை எழுதுவதில் முழுகிக் கிடக்கிறான். அதிலிருந்து அவனால் வெளியே வர முடியவில்லை. முதலாவதில் கவனம் நிற்கவில்லை, இரண்டாவதில் கவனம் நகரவில்லை. பேச்சில் குறுக்கிடுவதும் அப்படித்தான். மற்றவன் பேசுகிறான் என்று நன்றாகத் தெரிந்தும் காத்திருக்க முடியாமல் முந்துகிறவன் உண்டு. மற்றவன் இன்னும் முடிக்கவில்லை என்பதை முகத்திலிருந்தும் குரலிலிருந்தும் படிக்கத் தெரியாமல் பேசுகிறவனும் உண்டு. இரண்டும் சேர்ந்த பிள்ளை பஸ் நம்பரில் ஒரு மணி நேரம் முழுகுவான். கணக்கு நோட்டில் இரண்டு வரி எழுதுவதற்குள் ஏழுமுறை எழுந்துபோவான். வேனில் பாட்டைச் சத்தமாக வைக்கச் சொல்லி அடம்பிடிப்பான். பிரேயர் மைக் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடுவான்.

பிரித்துப் பார்க்க முடியாதா என்றால், முடியும். ஓடுவதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது என்று எழுதிவைத்தாலே பாதி விளங்கும். மிக்ஸி ஓடியதா, டீச்சர் மாறினாரா, பீரியடை மாற்றினார்களா, இல்லை ஒன்றுமே நடக்கவில்லையா? சத்தமில்லாத, பழகிய அறையில், அடுத்து என்ன என்று முன்கூட்டியே சொல்லி உட்காரவைத்தால் ஓட்டம் அடங்கிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் மிரட்சியால் வந்த ஓட்டம். அதே அறையில், பிடித்த விளையாட்டின் நடுவிலும் உடம்பு அடங்கவில்லை என்றால் ஏடிஎச்டியையும் பார்த்தாக வேண்டும். கையேடும் சும்மா பெயர் சூட்டிவிடுவதில்லை. ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், பிள்ளையின் வளர்ச்சிநிலைக்கு மீறியதாக இருக்க வேண்டும். இத்தனை நிபந்தனை இருப்பதைச் சொல்லாமல், ஓடுகிற பிள்ளைக்கெல்லாம் பட்டம் கட்டுகிறார்கள் என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

பொறுத்திருந்து பாருங்கள் என்பது அவருடைய பெரிய அறிவுரை. பொறுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஏறத்தாழ 1,500 பிள்ளைகளின் தகவலை வைத்து 2015இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதலில் ஏடிஎச்டி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தது மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டு தாமதமாக. ஒரு பெயர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டதால் போன மூன்று ஆண்டுகள் அவை. மருத்துவர் பரிந்துரைப்பது அதே நிறுத்தத்தைத்தான், வேறு திசையிலிருந்து. நம் ஊரில் நான்கு வயதில் போன மூன்று ஆண்டு என்றால் எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு. அதற்குள் அந்தப் பிள்ளை பள்ளியில் அடங்காதவன் ஆகிவிடுகிறான். டி.சி. கொடுத்து வேறு பள்ளிக்கு அனுப்பிய பிறகு வந்து சேரும் அறிக்கையை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்?

பெண்பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவர்கள் ஓடுவதில்லை என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. பக்கத்தில் இருக்கிறவள் சிரித்தால் சிரித்து, அவள் பார்த்து எழுதுவதைப் பார்த்து எழுதி, பள்ளி முடியும்வரை சமாளித்துவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் கத்தித் தீர்க்கிறார்கள். பள்ளியில் சமத்தாக இருக்கிறாளே, நீங்கள்தான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்று டீச்சர் அம்மாவிடம் சொல்வார். இரண்டும் உள்ள சிறுமிக்குப் பொறுத்திருத்தல் என்பது பல நேரங்களில் பத்தாம் வகுப்பு வரை காத்திருத்தல்.

மாத்திரைக்கு வருகிறேன். இரண்டாவது பெயர் வந்தால் மாத்திரை வரும் என்று பயமுறுத்துகிறார். அவர் மருத்துவர் என்பதால் இந்த இடத்தில் கூடுதல் கவனம் இருந்திருக்க வேண்டும். ஆட்டிசமும் மிகையான துறுதுறுப்பும் உள்ள 72 பிள்ளைகளுக்கு, ஏடிஎச்டிக்குத் தரும் மருந்தான மெதில்பெனிடேட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. 49 சதவீதம் பேருக்குப் பலன் இருந்தது. 18 சதவீதம் பேர் எரிச்சல் முதலிய பக்கவிளைவுகளால் நிறுத்த வேண்டியிருந்தது. ஏடிஎச்டி மட்டும் உள்ள பிள்ளைகளில் பத்தில் ஏழு பேர் அளவுக்குப் பலன் தெரியும். விளைவு தாங்காமல் நிறுத்துகிறவர்களும் மிகக் குறைவு. ஆக, ஒரே மருந்து இரு வகைப் பிள்ளைகளிடம் இரு விதமாக வேலை செய்கிறது. இரண்டும் இருக்கிறது என்று தெரிந்த மருத்துவர் மிகக் குறைந்த அளவில் தொடங்குவார், மெல்ல ஏற்றுவார், எரிச்சல் கூடுகிறதா என்று வாராவாரம் கேட்பார். ஏடிஎச்டி மட்டும்தான் என்று நினைக்கிறவர் வழக்கமான வேகத்தில் ஏற்றுவார், பிள்ளை தாங்காது. ஆட்டிசம் மட்டும்தான் என்று நினைக்கிறவர், பலனடையக்கூடிய அந்தப் பாதிப் பேருக்கும் கதவைச் சாத்திவிடுவார். ஓட்டத்தை அடக்க ரிஸ்பெரிடோன் எழுதுவார். ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்காக 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து அது. பசி கூடும், எடை ஏறும். மருந்தைக் கண்டு பயப்படுகிறவர் கேட்க வேண்டியது முழுமையான கணிப்பை. அவரோ கணிப்பையே அரைகுறையாக நிறுத்தச் சொல்கிறார். மருந்தே வேண்டாம் என்று முடிவெடுக்கிற பெற்றோருக்கும் எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

சலுகைக்காகத் தேடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஎச்டி இல்லை. ஏடிஎச்டி என்ற பெயரை வைத்துக்கொண்டு யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைகூட வாங்க முடியாது. ஆட்டிசச் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கும் பெற்றோருக்கு இந்த இரண்டாவது பெயரால் பஸ் பாஸ், உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம் என்று எதுவுமே புதிதாக வராது. அப்படியிருந்தும் அவர்கள் அலைகிறார்கள் என்றால் பிள்ளையைப் புரிந்துகொள்ளத்தான் அலைகிறார்கள். சட்டத்தின் அட்டவணையைப் பார்க்காமல் அவர்கள் மீது பேராசைப் பழியைப் போட்டிருக்கிறார் மருத்துவர்.

தெரபி சென்டர்கள் சில கொள்ளையடிக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. நாற்பது நிமிடம் என்று சொல்லி இருபது நிமிடம் பந்து உருட்டிவிட்டு அனுப்புகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டெம் செல் ஊசி போட்டு ஆட்டிசத்தைக் குணமாக்குவதாக லட்சங்களைப் பிடுங்கியவர்கள் உண்டு. அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022இல் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் இவர்களிடம் சிக்குகிறவர்கள் யார்? பிள்ளைக்கு என்ன என்று யாரும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொல்லாததால், சொல்கிறவர்களிடமெல்லாம் ஓடுகிறவர்கள். ஒழுங்கான கணிப்பை மறுப்பதால் மோசடிக்காரர்களுக்குத்தான் ஆள் சேர்கிறது.

செல்போன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னப் பிள்ளை கையில் மணிக்கணக்கில் போனைக் கொடுக்கக்கூடாது. தூக்கம் கெடும், பேச்சுக்கான நேரம் போகும். இதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதிலிருந்து, போனால்தான் ஆட்டிசமும் ஏடிஎச்டியும் வந்தன என்று தாவுவதற்கு ஆதாரம் இல்லை. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் அடங்காத, கவனம் நிற்காத பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியது 1902இல். சோவியத் மருத்துவர் க்ரூன்யா சுகரேவா ஆறு பையன்களைப் பற்றி எழுதியது 1920களில். லியோ கானர் 11 பிள்ளைகளை விவரித்தது 1943இல். ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரின் தகவலை வைத்து 2019இல் வந்த ஆய்வு, ஆட்டிசம் வருவதில் சுமார் 80 சதவீதப் பங்கு மரபணுவுக்கு என்று கணித்தது. ஏடிஎச்டியிலும் மரபின் பங்கு பெரிது. இரண்டுக்கும் பொதுவான மரபணுக் காரணிகளும் உண்டு. அதனால்தான் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்றும் தங்கைக்கு மற்றதுமாக வருகிறது.

போன் குற்றச்சாட்டு எங்கே போய் நிற்கிறது என்பதை மருத்துவர் யோசித்திருக்க வேண்டும். அது போய் நிற்பது அம்மாவிடம். சமைக்கும்போது போனைக் கொடுத்தாயே, வேலைக்குப் போனாயே, அதனால்தான் இப்படி ஆனது என்று ஊரே அவளைப் பார்த்துச் சொல்லும். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகம் எழுதி, அம்மாக்களின் அன்பின்மையால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு தலைமுறைத் தாய்மாரைக் குற்றவாளிகளாக்கினார். அது பொய் என்று நிறுவப்பட்டது. அதற்குள் எத்தனையோ தாய்மார் அந்தப் பழியோடு வாழ்ந்து முடித்துவிட்டார்கள். அதே பழியை 2020களில், தமிழில், ஒரு மருத்துவரே மறுபடியும் சுமத்துகிறார்.

அந்தக் கட்டுரையின் பாடநூல் பத்தியையும் சலுகைப் பத்தியையும் அவர் பகிரங்கமாகத் திரும்பப் பெற வேண்டும். இரண்டும் கருத்து வேறுபாடுகள் அல்ல, தகவல் பிழைகள். இதழாசிரியரும் திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும்.

கட்டுரையைப் படித்துவிட்டு மறுபரிசோதனைக்கு வாங்கிய தேதியை ரத்து செய்த பெற்றோர் யாராவது இருந்தால், நாளைக் காலையே கூப்பிட்டு வேறு தேதி வாங்குங்கள். தனியாரிடம் கட்ட வசதியில்லை என்றால் மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. எனப்படும் அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. போகும்போது பிள்ளை ஓடிய, முட்டிய, அழுத நேரங்களையும், அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். ஆட்டிசம் என்று மட்டும் சொன்னால் ஏடிஎச்டியைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஏடிஎச்டி என்று மட்டும் சொன்னால் ஆட்டிசத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், பார்க்கச் சொல்லுங்கள்.